‘பார்க்க’ அட்டைக்கு ஓர் அஞ்சலி

திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வடக்கே நடந்தால், புளிமூடு, ஸ்டாச்சு தாண்டிப் பாளையத்தில் பொது நூலகம் வரும். 1829இல், சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் தொடங்கியது. பிள்ளையார் கோயிலிலிருந்து கிழக்கே திரும்பினால் சாலைக் கடைத்தெரு. ஆ. மாதவன் அங்கே கடை நடத்திக்கொண்டே கதை எழுதினார். நகுலனும் நீல பத்மநாபனும் இதே ஊர்க்காரர்கள்தான். இப்படிப்பட்டவர்களின் புத்தகங்களைத் தேடி வந்தவர்களுக்கு நூலகங்களில் வழிகாட்டியது, ஏழரைக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அளவுள்ள கேட்லாக் அட்டை. உலகத்துக்கே அட்டை அச்சிட்டுத் தந்த அமெரிக்காவின் ஓசிஎல்சி நிறுவனம், 2015 அக்டோபர் 1 அன்று கடைசி அட்டையை அச்சிட்டு நிறுத்தியது.

அட்டைகளை அடுக்கிவைத்த இழுப்பறைப் பெட்டிக்காக நான் வருந்தவில்லை. மழைக்கால ஈரத்தில் அட்டைகள் ஊதிப்போகும். தேட வேண்டுமென்றால் அந்தப் பெட்டியின் முன்னால்தான் போய் நிற்கவேண்டும். கணினி அதைவிட எவ்வளவோ மேல். நான் வருந்துவது, அட்டையை எழுதிய மனிதருக்காக.

நகுலனையே எடுத்துக்கொள்வோம். தமிழில் நகுலன், ஆங்கிலத்தில் எழுதியபோது டி. கே. துரைசாமி. ஒரு பெயரைத் தேடி வந்தவருக்கு மற்றப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால் பட்டியலாளர் தனியாக ஓர் அட்டை எழுதுவார்: ‘துரைசாமி, டி. கே. – நகுலன் என்பதையும் பார்க்க’. புத்தகத்தின் முகப்புப் பக்கத்தில் இந்தத் தகவல் இருக்காது. அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலையாளக் கவிஞர் உள்ளூர் எஸ். பரமேஸ்வர ஐயரை எந்த எழுத்தில் வைப்பது? மேல்நாட்டு வழக்கப்படி கடைசிச் சொல்லை எடுத்தால், ஐயர்கள் கூட்டத்தில் கவிஞர் காணாமல் போவார். சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1934இல் வெளியிட்ட பட்டியல் விதித்தொகுப்பில் இதற்கு வழி சொன்னார்: கடைசிச் சொல் சாதிப்பெயர் மட்டுமே என்றால், அதற்கு முந்தைய பெயரையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆகவே பரமேஸ்வர ஐயர், ‘ப’ வரிசை. நம் பெயர்கள் எப்படி அமைகின்றன என்பதை அறிந்து எழுதப்பட்ட விதி அது.

1929இல் சென்னையில் கோடைகால வகுப்பாகத் தொடங்கிய நூலகவியல் பயிற்சி, 1961இல் கேரளப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையாகவே வந்துவிட்டது. செய்முறைத் தேர்வில் முகப்புப் பக்கத்தைக் கொடுத்து, அதற்கான அட்டைகளை எல்லாம் எழுதச் சொல்வார்கள். எந்தெந்தத் துணை அட்டைகள் போட்டோம் என்பதை முதன்மை அட்டையின் பின்புறம் குறிக்க வேண்டும். நாளை அந்தப் புத்தகத்தை நீக்கினால் ஓர் அட்டைகூட அநாதையாக நிற்கக் கூடாதல்லவா!

இன்று ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டினால் எங்கோ யாரோ செய்துவைத்த பதிவு வந்து இறங்குகிறது. ஆங்கிலப் புத்தகத்துக்கு அது போதும். தமிழ்ப் புத்தகத்துக்குப் பல சமயம் பதிவே கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ரோமன் எழுத்தில் துரைசாமி நான்கு விதமாக இருப்பார். கணினியில் ‘பார்க்க’ இணைப்புக்கு இடம் உண்டு. அதை நிரப்பத்தான் ஆள் இல்லை, ஆளுக்கு நேரமும் இல்லை.

நூலகவியல் துறைகளிடம் ஒரு வேண்டுகோள்: மென்பொருள் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தமிழ், மலையாள எழுத்தாளர்களின் இயற்பெயர், புனைபெயர், ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் இணைக்கும் பொதுப் பட்டியல் ஒன்றை மாணவர்களைக் கொண்டே உருவாக்குங்கள். வாசகர்களும் ஒரே எழுத்தாளர் இரண்டு பேராகக் கிடப்பதைக் கண்டால் நூலக மேசையில் சொல்லிவிட்டுப் போங்கள்.