லிப்பர்ஷேயின் மனு

போன மாதம் இடது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். ஒரு வாரம் படிக்கக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. நமக்குப் படிக்காமல் இருப்பது எப்படி முடியும்? பேரனை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன். அவன் கையில் கிடைத்தது தொலைநோக்கியின் வரலாறு. கண் தேறிய பிறகு நானே விட்ட இடத்திலிருந்து தேடித் தேடிப் படித்தேன்.

நம் வயதுக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் கேட்ட கதை ஒன்று உண்டு. ஹாலந்து தேசத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரரின் பிள்ளைகள் இரண்டு கண்ணாடிச் சில்லுகளை முன்னும் பின்னும் பிடித்து விளையாடினார்கள். தேவாலயக் கோபுரத்து உச்சியில் இருந்த சேவல் பக்கத்தில் வந்து நின்றது. அப்பா ஓடி வந்து பார்த்தார், தொலைநோக்கி பிறந்தது. வாத்தியார் சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட கதை. அந்த வருஷத்திலேயே எழுதப்பட்டு இன்றைக்கும் கையில் இருப்பது ஒரு மனுவும் அதன் மேல் நடந்த விசாரணையும். அதில் சேவலும் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

முப்பத்துநாலு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் மனுக்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். மனு வாங்குவது, நம்பர் போடுவது, குறிப்பு எழுதுவது, மேலே அனுப்புவது, கடைசியில் 'பரிசீலிக்க இயலாது' என்று தட்டச்சு செய்து தபாலில் போடுவது. அதனால் 1608-ஆம் வருஷத்து அந்த விசாரணையைப் படித்தபோது, நானூறு வருஷத்துக்கு முந்தைய வெளிநாட்டுச் சங்கதி என்றே தோன்றவில்லை. என் மேஜைக்கு வந்த கட்டு மாதிரி இருந்தது.

மனுதாரர் பெயர் ஹான்ஸ் லிப்பர்ஷே. ஜெர்மனியில் வேசல் என்ற ஊரில் பிறந்தவர். பிழைக்க வந்த இடம் நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில் ஜீலாந்து மாகாணத்து மிடில்பர்க். தொழில் மூக்குக்கண்ணாடி செய்வது. அந்த ஊரில் இத்தாலிய முறையில் கண்ணாடி வார்க்கும் பட்டறை ஒன்று 1581 முதலே இருந்தது, ஆகவே நல்ல கண்ணாடிக்குப் பஞ்சமில்லை.

1608 செப்டம்பர் 25-ஆம் தேதி ஜீலாந்து மாகாண அதிகாரிகள், ஹேக் நகரத்தில் இருந்த தங்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்புகிறார்கள். இதைக் கொண்டுவருபவர் தூரத்துப் பொருளைப் பக்கத்தில் இருப்பதுபோல் காட்டும் ஒரு கருவி வைத்திருப்பதாகச் சொல்கிறார், புதிய கண்டுபிடிப்பு என்கிறார், இளவரசர் மௌரிஸ் அவர்களிடம் காட்ட விரும்புகிறார், ஆவன செய்யவும் என்று விஷயம். 'சொல்கிறார்', 'என்கிறார்' என்று எழுதிய அந்தக் குமாஸ்தாவை எனக்குப் பிடித்துவிட்டது. நாளைக்குக் கருவி வேலை செய்யாவிட்டாலும் பரிந்துரை செய்தவர் தலை உருளாது.

கருவி என்ன? நம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வெள்ளெழுத்துக்காகத் தாத்தா போடும் கண்ணாடி குவிலென்ஸ். கரும்பலகை தெரியாத பையன் போடும் கண்ணாடி குழிலென்ஸ். குவிலென்ஸ் முன்னால், குழிலென்ஸ் கண்ணுக்குப் பக்கத்தில், நடுவில் ஒரு குழாய். மூன்று நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடி புழக்கத்துக்கு வந்து அப்போதே முந்நூறு வருஷம் ஆகியிருந்தது. இத்தனை காலம் ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

ரோல்ஃப் விலாக் என்ற சுவிஸ் ஆராய்ச்சியாளர் பழைய மூக்குக்கண்ணாடிகளைச் சோதித்துப் பார்த்து ஒரு விடை சொல்கிறார். அந்தக் காலத்து லென்ஸ் நடுவில்தான் ஒழுங்காகத் தேய்ந்திருக்கும், ஓரம் சரியாக இருக்காது. இரண்டைச் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் கலங்கிப் போகும். முன் லென்ஸின் ஓரத்தை மறைத்து, நடுவில் மட்டும் ஓட்டை விட்டு ஒரு தடுப்பு வைத்தால் படம் தெளியும். அந்தத் தடுப்புதான் உண்மையான கண்டுபிடிப்பு என்பது அவர் கட்சி. எனக்கு நியாயமாகப் படுகிறது. இரண்டு லென்ஸைச் சேர்ப்பது பற்றி இத்தாலியில் டெல்லா போர்ட்டா 1589-லேயே எழுதியிருக்கிறார். எழுதியதோடு சரி, எடுத்துக் காட்டியவர் லிப்பர்ஷே.

ஹேக் நகரம் அப்போது கல்யாண வீடு மாதிரி இருந்த சமயம். ஸ்பெயினோடு நாற்பது வருஷமாக நடந்த சண்டையை நிறுத்தச் சமாதானப் பேச்சு. எதிரிப் படையின் தளபதி ஸ்பினோலாவே ஊருக்குள் விருந்தாளி. சயாம் ராஜா அனுப்பிய தூதர்களும் செப்டம்பர் 10-ஆம் தேதி வந்து இறங்கியிருந்தார்கள். இந்தக் கூட்டத்தின் நடுவே, ரகசியமாக வைக்க வேண்டிய ஒரு கருவியோடு நம் ஆள் போய்ச் சேர்ந்தார். இளவரசர் மாளிகைக் கோபுரத்தில் ஏறிப் பார்த்தார்கள். ஒன்றரை மணி நேர வழியில் இருந்த டெல்ஃப்ட் ஊரின் கடிகாரமும், மூன்றரை மணி நேர வழியில் இருந்த லெய்டன் தேவாலயத்தின் ஜன்னல்களும் தெரிந்தன. ஸ்பினோலாவுக்கும் காட்டினார்கள்! இனிமேல் எனக்குப் பத்திரமில்லை, தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துவிடுவீர்கள் என்றாராம் அவர். உங்களைச் சுடக் கூடாது என்று ஆட்களுக்குச் சொல்லிவைக்கிறோம் என்று இளவரசரின் தம்பி பதில் சொன்னாராம். இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், சயாம் தூதர்கள் வந்ததைப் பற்றி உடனே அச்சான ஒரு சிறு பிரசுரத்தின் கடைசிப் பக்கங்களில் இந்தச் செய்தியும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்களும் இதில் தெரிகின்றன என்றுகூட அதில் இருக்கிறது.

அக்டோபர் 2-ஆம் தேதி மனு ஸ்டேட்ஸ் ஜெனரல் சபைக்கு வருகிறது. மாகாணங்களின் பிரதிநிதிகள் கூடும் சபை அது, நாட்டுக்கே மேல் அதிகாரம். மனுதாரர் கேட்பது இரண்டில் ஒன்று. முப்பது வருஷத்துக்கு வேறு யாரும் இதைச் செய்யக் கூடாது என்று ஒரு பேட்டன்ட். அல்லது வருஷாந்திர உபகாரச் சம்பளம். அப்படிக் கொடுத்தால் வெளிநாட்டு ராஜாக்களுக்கு விற்காமல் இந்த நாட்டுக்கு மட்டும் செய்துகொடுப்பார். கெட்டிக்கார மனு. 'எனக்கு உதவி செய்யுங்கள்' என்று அழவில்லை. கொடுக்காவிட்டால் யார் யாருக்குப் போகும் என்பதையும் மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

சபை என்ன செய்தது? கமிட்டி போட்டது. கூடவே ஒரு கேள்வி: இதை இரண்டு கண்ணாலும் பார்க்கிற மாதிரி செய்ய முடியுமா? அதாவது பைனாகுலர். ஒற்றைக்குழல் பிறந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் இரட்டை கேட்கிறார்கள். இரண்டு குழலும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும், ஒரே அளவு பெரிதாக்க வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் தலை சுற்றும். வந்த பொருளைத் தீர்மானிக்காமல் புதிதாக ஒன்றைக் கேட்டு மனுவை நிறுத்திவைக்கிற வித்தை நம் அலுவலகங்களுக்கு மட்டும் சொந்தமல்ல என்று தெரிந்துகொண்டேன்.

4-ஆம் தேதி, மாகாணத்துக்கு ஒருவர் கோபுரத்தில் ஏறிச் சோதிக்க வேண்டும், ஸ்படிகக் கல்லில் ஆறு கருவி செய்ய விலை பேச வேண்டும் என்று முடிவு. மனுதாரர் ஒன்றுக்கு ஆயிரம் கில்டர் கேட்கிறார், குறைத்துப் பேசுங்கள் என்றும் எழுதிவைத்தார்கள். 6-ஆம் தேதி சோதித்தவர்கள் நாட்டுக்குப் பயன்படும் என்று அறிக்கை கொடுக்க, 900 கில்டருக்குப் பேச்சு முடிந்தது. கையில் 300, மீதி வேலை முடிந்து திருப்தியான பிறகு. ஒரு கைவினைஞருக்கு அது சில வருஷக் கூலி. பேட்டன்டா சம்பளமா என்பது பிறகு பார்க்கப்படும். மனு வந்து நாலே நாளில் களச்சோதனை முடித்து முன்பணமும் கொடுத்திருக்கிறார்கள். இந்த வேகத்துக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

அதற்குள் ஆட்சேபணைகள் வர ஆரம்பித்தன. அக்டோபர் 14-ஆம் தேதி, முதலில் பரிந்துரைத்த அதே ஜீலாந்து அதிகாரிகளிடமிருந்து இன்னொரு கடிதம். இங்கே ஒரு இளைஞர் இருக்கிறார், அவருக்கும் இந்த வித்தை தெரியும், செய்தும் காட்டிவிட்டார் என்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. இப்படி ஒன்று முடியும் என்று தெரிந்துவிட்ட பிறகு, அதுவும் குழாயின் உருவத்தைப் பார்த்துவிட்ட பிறகு, உள்ளே லென்ஸ் எப்படி இருக்கும் என்று மற்றவர்கள் ஊகித்துவிடுவார்கள், ரகசியம் நிற்காது என்கிறார்கள். நம் 1970-ஆம் வருஷப் பேட்டன்ட் சட்டம் முக்கியமாகக் கேட்பது மூன்று: புதியதா, தொழில் தெரிந்தவனுக்கு எளிதில் தோன்றிவிடக் கூடியதா, தொழிலுக்குப் பயன்படுமா? கோபுரத்தில் ஏறியவர்கள் மூன்றாவதைப் பார்த்துவிட்டார்கள். முதல் இரண்டும் இந்தக் கடிதத்தில் இருக்கின்றன.

மூன்று நாள் கழித்து அல்க்மார் ஊர்க்காரர் ஜேக்கப் மேட்டியஸ் ஒரு மனுவோடு வந்தார். இரண்டு வருஷமாக ஓய்வு நேரத்தில் இதே ஆராய்ச்சியில் இருக்கிறேன், மட்டமான சாமானை வைத்தே மிடில்பர்க்காரர் அளவுக்குக் காட்டுகிறேன் என்றார். பெரிய இடத்துப் பிள்ளை. இவருடைய அப்பாதான் வட்டத்தின் பை மதிப்புக்கு 355-ஐ 113-ஆல் வகுத்தால் போதும் என்று சொன்ன கோட்டைப் பொறியாளர். சபை இவருக்கு 100 கில்டர் கொடுத்து, போய் இன்னும் நன்றாகச் செய்துகொண்டு வா என்று அனுப்பியது.

டிசம்பர் 15. இரட்டைக்குழல் கருவி வந்துவிட்டது. பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். உத்தரவு இதுதான்: இந்த வித்தை வேறு பலருக்கும் தெரிந்திருப்பதாகத் தெரியவருவதால் பேட்டன்ட் மறுக்கப்படுகிறது, ஆனால் இதே மாதிரி இரண்டு கண்ணால் பார்க்கும் கருவி இன்னும் இரண்டு செய்துகொடுக்கவும்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துக் கொல்லர் ஒருவர் களை பிடுங்கும் கருவி ஒன்றைத் தானே யோசித்துச் செய்துகொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். குனியாமல் களை எடுக்கலாம். அதிகாரிகள் எல்லோரும் தோட்டத்தில் இழுத்துப் பார்த்தார்கள், சபாஷ் என்றார்கள். இரண்டு கருவிகளைப் பார்வைக்கு வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர் கேட்ட உதவித் தொகைக்குப் பதில் எழுதியவன் நான். இதுபோன்ற கருவிகள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன என்று ஒரே வரி. சொல்லிக் கொடுத்ததை எழுதினேன், உண்மையா என்று விசாரிக்கவில்லை. கருவிக்குக் காசும் கொடுக்கவில்லை. அந்த விதத்தில் ஹேக் சபை எங்களைவிட எவ்வளவோ மேல்.

லிப்பர்ஷே விஷயத்தில் தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன். வேறு ஆட்கள் நிஜமாகவே இருந்தார்கள். அந்த வருஷத்து ஃப்ராங்க்ஃபர்ட் சந்தையில் ஒருவர் இப்படிப்பட்ட கருவியை விற்க முயன்றதாகவும், அதில் ஒரு லென்ஸ் விரிசல் விட்டிருந்ததாகவும் சைமன் மேரியஸ் என்ற ஜெர்மானிய வானியலாளர் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் ஒன்று. எனக்குத் தெரியும் என்று சபைக்கு முன் வந்த இருவரும் இவர் காட்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்கள். ரகசியம் காக்கத்தான் மனு. அந்த மனுவை விசாரித்த விதத்திலேயே, கோபுரத்தில் ஏற்றி எதிரித் தளபதிக்கும் காட்டியதிலேயே, ரகசியம் போய்விட்டது. பிறகு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதே என்று மறுத்தால் மனுதாரர் எங்கே போய் முட்டிக்கொள்வார்?

அதன் பிறகு காட்டுத் தீதான். டிசம்பர் மாதமே பிரெஞ்சுத் தூதர் ஜானின், இதைச் செய்யத் தெரிந்த ஒரு படைவீரனைத் தன் அரசரிடம் அனுப்பினார். 1609 ஏப்ரலில் பாரிஸ் கடைகளில் விற்பனை. ஜூலையில் இங்கிலாந்தில் ஹாரியட் நிலாவைப் பார்த்துப் படம் வரைந்தார். ஆகஸ்டில் கலிலியோ தன் கையால் செய்த, எட்டு ஒன்பது மடங்கு பெரிதாக்கும் கருவியை வெனிஸ் பிரபுக்களுக்கு மணிக்கூண்டில் ஏற்றிக் காட்டினார். அவர் பேட்டன்ட் கேட்கவில்லை. கருவியை அரசுக்கு அன்பளிப்பாக எழுதிக்கொடுத்தார். உடனே வருஷம் ஆயிரம் ஃப்ளோரின் சம்பளமும் ஆயுளுக்கு வேலையும் கிடைத்தன. மனு எழுதத் தெரிந்தவர் என்றால் அவர்தான்.

பிற்பாடு 1655-இல் மிடில்பர்க்கில் யார் முதலில் செய்தது என்று சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பக்கத்துக் கண்ணாடிக்காரர் சாக்கரியாஸ் யான்சனின் மகன், என் அப்பாதான், 1590-லேயே செய்துவிட்டார் என்று சத்தியம் செய்தார். கணக்குப் போட்டால் அந்த வருஷம் அப்பா பால் மணம் மாறாத பிள்ளை. கள்ள நாணயம் அடித்துத் தண்டனை பெற்றவரும்கூட. அந்த வாக்குமூலங்களை நம்பிப் பல புத்தகங்கள் வந்தன. ஆனால் அந்தந்தத் தேதியில் எழுதி வைத்த குறிப்பு என்று பார்த்தால், மனுவை மறுத்த ஸ்டேட்ஸ் ஜெனரலின் தீர்மானப் புத்தகம்தான் முன்னே வந்து நிற்கிறது.

1609 பிப்ரவரி 13-ஆம் தேதி லிப்பர்ஷே மீதி இரண்டு கருவிகளையும் ஒப்படைத்து, பாக்கிப் பணத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். பத்து வருஷம் கழித்து, 1619-இல், மிடில்பர்க்கிலேயே இறந்தார். கிடைத்த பணத்தில் தன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டையும் வாங்கியிருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'மூன்று தொலைநோக்கிகள்'.