வரிசை குலைத்தலின் வரலாறு

ஒரு பட்டியலில் உள்ளவற்றை எதற்கும் முன்னுரிமை தராமல் மாற்றி அடுக்குவது, அதாவது சமவாய்ப்பு முறையில் வரிசையைக் குலைப்பது, கணிப்பொறிக்கு முன்பே புள்ளியியலாருக்கு அன்றாட வேலையாக இருந்தது. அத்தகைய வேலைகளுக்கு உதவும்படி புள்ளியியலாளர் டிப்பெட், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளிலிருந்து 41,600 இலக்கங்களைத் திரட்டி 1927இல் சமவாய்ப்பு எண் அட்டவணையாக வெளியிட்டார். 1938இல் புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் யேட்ஸும் வகுத்த முறைப்படி, எண்களை வரிசையாக எழுதி, அத்தகைய அட்டவணை சுட்டும் இடத்திலுள்ள எண்ணை அடித்துவிட்டு வேறொரு தாளில் குறித்து, எஞ்சியவற்றை மீண்டும் முதலிலிருந்து எண்ண வேண்டும். 1964இல் டர்ஸ்டென்ஃபெல்ட் என்பவர் இதைக் கணிப்பொறிக்கு ஏற்றவாறு சுருக்கி, அடிப்பதற்குப் பதிலாக இரு எண்களை இடம் மாற்றிக்கொள்ளச் செய்தார்.

இத்தனை பாடு தேவைதானா என்பதற்கு அமெரிக்கா விலை கொடுத்து விடை கண்டது. வியட்நாம் போருக்கு ஆள் சேர்க்க 1969 டிசம்பர் 1 அன்று நடந்த குலுக்கலில், 366 பிறந்தநாள்கள் அடங்கிய நெகிழிக் குப்பிகளை மாதவாரியாகப் பெட்டியிலிட்டு, அரைகுறையாகக் கலந்து, கண்ணாடிச் சாடியில் கொட்டி எடுத்தனர். கடைசியாகச் சேர்ந்த மாதங்களின் நாள்கள் மேலாகவே தங்கி முன்பே எடுக்கப்பட்டதால், டிசம்பரில் பிறந்த இளைஞர்கள் பலர் முன்னதாகவே அழைக்கப்படும் நிலைக்கு ஆளாயினர். புள்ளியியலார் இதைக் கணக்கிட்டுக் காட்டிய பின், அடுத்த ஆண்டுக் குலுக்கலில் சமவாய்ப்பு எண்வரிசைகளும் பயன்படுத்தப்பட்டன.

வரிசை பற்றிய கேள்வி கணிப்பொறித் தரவுத்தளங்களிலும் எழுந்தது. அதே 1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்த தரவுத்தள மாதிரியில், அட்டவணையின் வரிகளுக்கு முன்பின் என்பதே இல்லை. ஆனால் ஒழுங்கு வரையறுக்கப்படாததும் ஒழுங்கு குலைந்ததும் ஒன்றல்ல. எந்த வரிசையில் தர வேண்டும் என்று சொல்லப்படாத தரவுத்தளம் பெரும்பாலும் தனக்கு எளிதான, சேமித்த வரிசையிலேயே வரிகளைத் தருகிறது. ஆகவே வரிசையைக் குலைக்க, தரவுத்தள மென்பொருள்களான மையெஸ்கியூஎல்லில் ‘ஆர்டர் பை ரேண்ட்’ என்றும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ‘ஆர்டர் பை ரேண்டம்’ என்றும் எழுதும் வழக்கம் வந்தது: வரிக்கொரு சமவாய்ப்பு எண்ணை ஒட்டி, அந்த எண்ணின்படி தரவுத்தளம் வரிசைப்படுத்தும். பத்து வரிகள் மட்டுமே வேண்டுமென்றாலும் பல லட்சம் வரிகளுக்கும் எண் ஒட்டவேண்டும் என்பதே இதன் குறை. இதைத் தவிர்க்க தரவுத்தள வினவுமொழியான எஸ்கியூஎல்லின் 2003ஆம் ஆண்டுத் தரநிலை ‘டேபிள்சாம்பிள்’ என்னும் மாதிரியெடுப்பைச் சேர்த்தது. எனினும் அதன் விரைவான வகை, வரிகளைத் தனித்தனியே அல்லாமல் சேமிப்புப் பக்கம் பக்கமாக அள்ளுவதால், அருகருகே பதிவானவை சேர்ந்தே வெளிவருகின்றன.