தபாஸ்: யேர்மனியின் இரவு மேசைக்கு வந்த ஸ்பானியச் சிறுதட்டுகள்

யேர்மனியில் பல உணவகங்களின் சமையலறை இரவு ஒன்பது, பத்து மணியுடன் மூடிவிடும். அதற்குப் பின்னரும் குடும்பமாகவோ நண்பர்களுடனோ இருந்து சாப்பிட விரும்புவோர், பெரிய நகரங்களில் தபாஸ் கடைகளைத் தேடிப் போகிறார்கள். எமது பிள்ளைகளுக்கு இவை நன்கு பழக்கம். பெற்றோருக்கோ அங்கு எதைக் கேட்பது, எதைத் தவிர்ப்பது என்பதில் தயக்கம் உண்டு.

'தபா' என்ற ஸ்பானியச் சொல்லுக்கு மூடி என்பது பொருள். குவளைக்குள் ஈ விழாமல் மேலே வைத்த பாண் துண்டே பின்னர் சிற்றுணவாயிற்று என்பது செவிவழிக் கதை. ஸ்பெயினின் கிரனாடா போன்ற ஊர்களில் குடிவகையுடன் ஒரு சிறுதட்டு இலவசமாகவே வரும். யேர்மனியில் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியே பணம் கொடுக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று தட்டு எடுத்து, நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து உண்பதே முறை.

ஸ்பானியர் பிந்திச் சாப்பிடுவதற்குக் கடிகாரமும் ஒரு காரணம். 1940இல் பிராங்கோவின் அரசு நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. அது பின்னர் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இன்று மட்ரிட்டும் பேர்லினும் ஒரே நேரத்தையே காட்டுகின்றன. ஆனால் மட்ரிட்டில் சூரியன் ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் பிந்தியே உச்சிக்கு வருகிறது.

இந்த உணவை யேர்மனிக்கு முதலில் கொண்டுவந்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர், தொழிலாளர்கள். 1960 மார்ச் 29 அன்று மேற்கு யேர்மனியும் ஸ்பெயினும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தன. 1973 நவம்பரில் ஆட்சேர்ப்பு நிறுத்தப்படும் வரை சுமார் ஆறு இலட்சம் ஸ்பானியர் வந்தனர். தொழிற்சாலை விடுதிகளில் தங்கிய அவர்கள் தங்களுக்கென நிலையங்கள் அமைத்துக் கூடிச் சமைத்தனர். பெற்றோர் சங்கங்கள் அமைத்துப் பிள்ளைகளின் யேர்மன் பள்ளிப் படிப்பையும் கவனித்தனர். பெரும்பாலானோர் பின்னர் நாடு திரும்பிவிட்டனர். சாப்பாடு இங்கே தங்கிவிட்டது. ஹம்பேர்க் துறைமுகத்தை ஒட்டிய 'போர்த்துக்கேயர் பகுதி'யில் ஸ்பானிய, போர்த்துக்கேய உணவகங்களை இன்றும் வரிசையாகக் காணலாம்.

எமது நாக்குக்கு ஒத்துப்போகும் தட்டுகள் பல. 'கம்பாஸ் அல் அஹியோ' என்பது ஒலிவ் எண்ணெயில் உள்ளியும் செத்தல் மிளகாயும் போட்டுப் பொரித்த இறால். 'கலமாரெஸ்' கணவாய்ப் பொரியல். மரக்கறி உண்போருக்கு உறைப்புக் குழம்புடன் வரும் உருளைக்கிழங்கான 'பத்தாத்தாஸ் பிராவாஸ்', பொரித்த பச்சை மிளகாயான 'பிமியென்டோஸ்', ஒலிவ் காய் ஆகியன உண்டு. 'தோர்த்தியா' உருளைக்கிழங்கு முட்டைப் பொரியல். 'அயோலி' என்ற உள்ளிக் களியிலும் பெரும்பாலும் முட்டை இருக்கும்.

பன்றி இறைச்சியைத் தவிர்ப்போர் கவனிக்க வேண்டும். 'ஹமோன்', 'சொரிசோ' இரண்டும் பன்றிதான். பேரீச்சம்பழத்தைச் சுற்றியும் பன்றித் துண்டு வரும். 'குரோக்கேத்தாஸ்' உள்ளேயும் அது இருக்கக்கூடும். இறைச்சி உருண்டைகளில் மாடும் பன்றியும் கலந்திருக்கலாம். ஒவ்வாமை தரும் 14 பொருட்களை உணவகம் அறிவிக்க வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். அந்தப் பட்டியலில் பன்றி இல்லை. ஆகவே வாய்விட்டுக் கேட்பதே பாதுகாப்பு.

பிள்ளைகள் பெற்றோருடன் இரவில் உணவகத்தில் இருக்கத் தடையில்லை. 16 வயதுக்குக் குறைந்தோர் துணையின்றி வந்தால், காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை, சாப்பிடவோ குடிபானம் அருந்தவோ மட்டும் இருக்கலாம். 16 வயதானோர் நள்ளிரவு வரை இருக்கலாம்.

பிந்திய இரவுச் சாப்பாடு எமக்குப் புதிதல்ல. அகதியாக வந்து, வேலை அனுமதிக்காகக் காத்திருந்து, பின் உணவகங்களில் கோப்பை கழுவிய எம்மவர் பலர் நள்ளிரவுக்குப் பின்னரே தம் வீட்டில் சாப்பிட்டார்கள். இன்றும் சமையலறைகளில் நிற்போர் தம் உரிமையை அறிந்திருக்க வேண்டும். இரு வேலைநாட்களுக்கு இடையே 11 மணித்தியால ஓய்வு சட்டப்படி உரியது. உணவகத் தொழிலில் அதை 10 ஆகக் குறைத்தால், வேறொரு நாளில் ஈடுசெய்ய வேண்டும்.

எமது றோல்ஸ், பற்றிஸ், கடலை வடை ஆகியனவும் பகிர்ந்துண்ணும் சிறுதட்டுகளே. அவை இன்னும் பெரும்பாலும் எமது விழா மண்டபங்களுக்குள்ளேயே நிற்கின்றன. ஸ்பானியர் தம் நிலையங்களில் சமைத்தது தெருவுக்கு வந்தது போல, இவற்றையும் வெளியே கொண்டுவருவது அடுத்த தலைமுறையின் கையில் இருக்கிறது.