வந்த இயந்திரம் போய்த் திரும்பிய கதை: சிவகாசி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலும் வரிச் சட்டமும்

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் மாரியம்மன் கோயில் கொண்ட இருக்கன்குடியிலும் அதைச் சுற்றிய சாத்தூர், சிவகாசிக் கிராமங்களிலும் 'ஆபீசுக்குப் போறேன்' என்று ஒரு பெண் சொன்னால், மேசையும் கோப்பும் யார் நினைவுக்கும் வராது. அவர் போவது தீப்பெட்டி ஆபீசுக்கு, இல்லையென்றால் பட்டாசு ஆபீசுக்கு. அந்தத் தீப்பெட்டி ஆபீசுக்குள் இயந்திரம் எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கைத்தொழில் படிப்படியாக இயந்திரத் தொழிலாக மாறியது என்றுதான் தொழில் வரலாறுகள் வழக்கமாகச் சொல்லும். சிவகாசியில் நடந்தது நேர்மாறு. 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றார்கள். அடுத்த ஆண்டு ஊர் திரும்பி, ஜெர்மனியிலிருந்து தருவித்த இயந்திரங்களோடு தொழில் தொடங்கினார்கள். ஆனால் இயந்திரம் கட்டுபடியாகவில்லை. மழை பொய்த்த கரிசல் காட்டில் கூலிக்கு ஆள் மலிவு. வேலை கைக்கு மாறியது. 1926இல் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தத் தொடங்க, அணில், காகம் என்ற இரண்டு முத்திரைகள் பிறந்தன.

எதிர்முனையில் நின்றது ஸ்வீடன். யான்ஷோப்பிங் நகரத்து அலெக்சாண்டர் லாகர்மன் 1892இலேயே, ஒரு முனையில் குச்சியை வாங்கி மறுமுனையில் நிரப்பிய பெட்டியைத் தரும் இயந்திரத்தை உருவாக்கியிருந்தார். 1922இல் இந்திய அரசு தீப்பெட்டி இறக்குமதிக்குக் குரோசுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டது. வெளியிலிருந்து விற்பது கடினமாகவே ஸ்வீடன் தீப்பெட்டி நிறுவனம் 1923இல் விம்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, இங்கேயே ஆலை வைத்தது. சிவகாசிக்காரர்கள் தொழிலில் இறங்கியதும் அதே ஆண்டுதான்.

1934இல் தீப்பெட்டி மீது கலால் வரி வந்தது. விடுதலைக்குப் பிறகு சிறிய, கைவேலை ஆலைகளுக்கு வரி குறைவு என்ற கொள்கை வேரூன்றியது. 'கைவேலை' என்றால் என்ன? இதற்குச் சட்டம் தந்த விடை விசித்திரமானது. சட்டகத்தில் குச்சி அடுக்குதல், மருந்து முக்குதல், பெட்டியில் குச்சி நிரப்புதல், லேபிள் ஒட்டுதல், கட்டுக் கட்டுதல் என ஐந்து வேலைகளைச் சொல்லி, இவற்றில் எதற்கும் மின்விசை வழக்கமாகப் பயன்படாவிட்டால் அது கைத்தீப்பெட்டி என்றது. மரத்தைத் தோலாகச் சீவுவதும் குச்சியாக நறுக்குவதும் இந்தப் பட்டியலில் இல்லை. அங்கே மோட்டார் ஓடினாலும் சலுகை போகாது. ஆலைக்குள் எந்த மூலையில் இயந்திரம் நிற்கலாம் என்பதைப் பொறியாளரோடு கலால் துறையும் சேர்ந்தே முடிவு செய்தது என்பது என் கருத்து.

இந்த ஐந்தில் சட்டகத்தில் குச்சி அடுக்குவதுதான் ஆளை அதிகம் தின்னும் வேலை. குச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் நின்றால்தான் மருந்து ஒட்டிக்கொள்ளாமல் தலை உருண்டையாக வரும். சின்ன விரல்களுக்கு ஏற்ற வேலை என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10 அன்று, வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில், அபாயத் தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப் போக, மலிவான கைகளை நம்பிய கணக்கு இடித்தது. முக்கும் வேலைக்கும் அடுக்கும் வேலைக்கும் இயந்திரம் தேடிய முதலாளிகளுக்கு வரி குறுக்கே நின்றது.

2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் அந்த ஐந்து வேலைப் பட்டியல் உயிரோடுதான் இருந்தது: கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. ஒரே ஒரு முக்கு இயந்திரம் வைத்த சிறு ஆலையும் முழு இயந்திர ஆலையும் ஒரே தட்டில் நின்றன. 2020 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் 12 சதவீதம் ஆனதும், கைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே சட்டம் போட்டிருந்த கோடு அழிந்தது. 1923இல் நுழைந்து வெளியேறிய இயந்திரத்துக்கு வரித் தடையின்றி உள்ளே வர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது. வந்த நேரமும் நல்ல நேரமல்ல. 14 ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே இருந்த பெட்டி, மூலப்பொருள் விலையேற்றத்தால் 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது. மலிவு லைட்டர்கள் சந்தையைத் தின்ன, 20 ரூபாய்க்குக் குறைந்தவற்றின் இறக்குமதியை 2023 ஜூனில் அரசு தடை செய்தது.

பட்டாசு ஆபீசின் கணக்கு வேறு. மருந்து கலக்கும் அறையில் இயந்திரத்துக்குக் குறுக்கே நிற்பது உராய்வும் நிலைமின்சாரமும். இரும்புக் கருவிக்கே அங்கே இடமில்லை. ஒரு பொறி போதும். ஒரே தெருவிலிருந்து காலையில் கிளம்பும் இரண்டு பெண்களில் ஒருத்தி மோட்டார் சத்தத்துக்குள் போய் உட்காருகிறாள். மற்றவள் தனித்தனியே கட்டிய சிறு அறைகளில் ஒன்றில், இன்றும் கையால் மருந்து நிறைக்கிறாள்.