செம்மறி ஆட்டின் மரபுவழிச் செவிக்குறை

செவிமடல் இயல்பைவிடக் குட்டையாகவோ, தடித்த சிறு மடிப்பாகவோ, அடியோடு இல்லாமலோ செம்மறிக் குட்டிகள் பிறக்கும் பரம்பரைக் குறைபாடு. நாய் கடித்தோ கடுங்குளிரில் நுனி கருகியோ காது குறைவது இதில் சேராது. அந்தக் காதில் தழும்பு இருக்கும், குட்டிக்கு அது இறங்காது. மேற்கு ஆசியாவின் அவாசி, சீனாவில் சின்ஜியாங்கின் அல்தாய் ஆகிய இனங்களில் இக்குறை மரபணு அளவில் ஆராயப்பட்டுள்ளது.

குட்டைக்காது மெண்டலின் விதிக்குட்பட்டே இறங்குகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ரிட்ஸ்மன் 1916இலேயே எழுதினார். நூறாண்டுகளுக்குப் பிறகு, 2016இல் வெளியான அவாசி ஆய்வு 6ஆம் குரோமோசோமில் எச்.எம்.எக்ஸ்.1 என்னும் மரபணு இருக்கும் பகுதியைச் சுட்டியது. கருவில் கண்ணும் புறச்செவியும் உருவாவதை நெறிப்படுத்தும் மரபணு இது. மனிதரில் இதன் இரு படிகளும் பழுதானால் கண்ணும் காதும் சேர்ந்தே பாதிக்கப்படுகின்றன. எலியில் பழுதானால் காதுகள் தாழ்ந்து பக்கவாட்டில் விரிகின்றன.

ஆட்டில் நேர்வது வேறு. 2020இல் வெளியான அல்தாய் ஆய்வின்படி, மரபணு கெடவில்லை. அதற்கு வெளியே 76 கார இணைகள் கொண்ட ஒரு துண்டு இரட்டித்திருக்கிறது. பாலூட்டிகளிடையே பெரிதும் மாறாமல் வந்த பகுதி அது. மரபணு எங்கே, எவ்வளவு இயங்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது. மொத்த மரபுத்தொகுதியில் அணுவளவான இந்த மாற்றம் ஒரு செவிமடலையே இல்லாமலாக்குவது வியப்புக்குரியது. அதைவிட வியப்பு, ஹைலேண்ட் இன மாடுகளின் வெட்டுக்காதுக்கும் இதே மரபணுவின் அருகே 76 கார இணைகளின் இரட்டிப்பே காரணம் என 2013இலேயே அறியப்பட்டிருந்ததுதான். சுவிட்சர்லாந்தில் ஆராயப்பட்ட அந்த வெட்டுக்காது மாடுகள் அனைத்தும் ஒரே மூதாதையின் வழிவந்தவை.

அவாசி ஆடுகளில் இப்பண்பு முழுமையற்ற ஓங்குதன்மை உடையது. மாறிய படி ஒன்று இருந்தால் காது குட்டையாகும். இரண்டும் மாறியிருந்தால் காதே இராது. குட்டைக்காதுக் கிடாவும் குட்டைக்காதுப் பெட்டையும் இணைந்தால் சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று இயல்பாகவும், இரண்டு குட்டைக்காதுடனும், ஒன்று காதின்றியும் பிறக்கும். காதில்லாத ஆட்டுக்கு அடையாள வில்லை மாட்டவும் இடமில்லை.

குறையைச் சுமக்கும் ஆடு தன் காதிலேயே அதைக் காட்டிவிடுவதால், வளர்ப்போருக்கு மரபணுச் சோதனை கட்டாயமில்லை. இயல்பான காதுள்ள கிடாவை மட்டும் பொலிக்கு விட்டால், பெட்டை எத்தகையதாயினும் காதில்லாக் குட்டி பிறக்காது. குட்டைக்காதை ஒழிக்கப் பெட்டைகளையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.