கார்காலக் குழந்தை நலம்

கார்காலக் குழந்தை நலம் என்பது முதுவேனில் முடிந்து மழை தொடங்கும் ஆவணி, புரட்டாசி மாதங்களில் (ஆகஸ்டு நடு முதல் அக்டோபர் நடு வரை) குழந்தைகளை நோய் அண்டாமல் காக்கத் தமிழகத்தில் வழங்கிவரும் பேணுமுறை. சித்த மருத்துவத்தின் குழந்தை மருத்துவப் பிரிவான பாலவாகடமும் வீட்டுப் பெரியவர்களின் கைப்பழக்கமும் இதன் இரு ஊற்றுகள்.

பருவப் பகுப்பு

தமிழர் ஓர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். தொல்காப்பியம் காரை முல்லைத் திணைக்குரிய பொழுதாக வகுக்கிறது. சித்த மருத்துவம் இப்பகுப்பை உடலோடு பொருத்தியது. வாதம், பித்தம், கபம் ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் தன் இடத்திலேயே மிகும் (தன்னிலை வளர்ச்சி); பின்னர் இடம்விட்டுப் பரவும் (வேற்றுநிலை வளர்ச்சி); அதன்பின் அடங்கும் (தன்னிலை அடைதல்). முதுவேனிலில் மிகுந்த வாதம் காரில் பரவிக் கூதிரில் அடங்குகிறது. காரில் மிகத் தொடங்கும் பித்தம் கூதிரில் பரவுகிறது. அதனால் கார்காலத்தில் பசித்தீ மந்தமாகிறது. காய்ச்சலும் கழிச்சலும் தோன்றும் முன்பே, ஆடி மாதத்திலேயே பிள்ளையின் வயிற்றைக் கவனிக்கத் தொடங்குவது இம்மரபின் உயிர்நாடி.

பாலவாகட நோக்கு

பாலவாகடம் குழந்தை நோய்களை மாந்தம், கணம், தோடம், அக்கரம் முதலிய பெரும்பிரிவுகளில் அடக்குகிறது. செரியாமையால் வரும் மாந்தமே இவற்றுள் முதன்மையானது. வயிற்றைப் பேணினால் பாதி நோய் வராது என்பது இம்மரபின் நம்பிக்கை. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி எனப் பிள்ளைத்தமிழ் நூல்கள் பாடும் பருவங்களைச் சித்தக் குழந்தை மருத்துவம் வளர்ச்சிப் படிகளாகவும் கொள்கிறது. பிள்ளைத்தமிழுக்கும் மருத்துவத்துக்கும் உள்ள இவ்வுறவு தமிழுக்கே உரிய செல்வம்.

உரைமருந்து

இப்பேணுமுறையின் தலையாய மருந்து உரைமருந்து. வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய் ஆகியன இதன் சரக்குகள். ஊருக்கு ஊர் சிற்சில கூடும், குறையும். நெல் அவிக்கும் பானையில் இவற்றையும் இட்டு வேகவைத்து, வெயிலில் சுக்காக உலர்த்திப் பத்திரப்படுத்துவர். தலைக்குக் குளிப்பாட்டும் நாளில் கழுவிய கல்லில் சில துளி தாய்ப்பால் விட்டு, ஒவ்வொரு சரக்கையும் ஓரிரு சுற்று இழைப்பர். அளவு சொல்ல எடையோ கரண்டியோ கிடையாது. இழைப்பின் எண்ணிக்கையே அளவு. கல்லில் படியும் பழுப்புநிற விழுதைப் பாட்டி விரல்நுனியில் வழித்து நாவில் தடவுவாள். வசம்பை விளக்கெண்ணெய் விளக்கில் சுட்டுக் கரியாக்கி, வயிறு உப்பினால் தொப்புளைச் சுற்றிப் பூசுவதும் உண்டு. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் 'பேர் சொல்லா மருந்து' என்றும் பெயர்கள் வழங்குகின்றன. அளவு மீறினால் வாந்தி உண்டாக்கும் சரக்கு இது என்பதால், கைதேர்ந்தவர்களே இழைத்துக் கொடுத்தனர்.

உணவும் பழக்கமும்

ஆடியில் கேழ்வரகுக் கூழும், மழை தொடங்கியபின் மிளகு, சீரகம் சேர்த்த ரசமும் குழைந்த சோறும் சிறுவர்க்கு ஏற்றவை. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தல், நனைந்த தலையை உடனே துவட்டுதல், சாம்பிராணிப் புகை காட்டுதல் ஆகியன இன்றும் தொடர்கின்றன.

இன்றைய நிலை

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் குழந்தை மருத்துவம் தனிப் பட்டமேற்படிப்பு. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறெதுவும் கூடாது என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துவதால், உரைமருந்து அதன்பின் மருத்துவர் சொற்படியே தரத்தக்கது. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும் தரப்படுகின்றன. ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 2016 முதல் இந்தியாவில் படிப்படியாக அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. மழைக்காலத்தில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலையை அடைய ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை தொட்டி, குடம், பூச்சட்டித் தட்டுகளைத் தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் தணியும் நாளே ஆபத்தான நாள். உடம்பு குளிர்ந்துவிட்டது என்று நிம்மதி கொள்ளாமல், வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு தென்பட்டால் பிள்ளையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.