கொள்ளை நோயும் கூலி நாளும்



ஊர் முழுவதும் பரவி உயிர் குடிக்கும் நோயை நம் பாட்டன் பாட்டிமார் 'கொள்ளை நோய்' என்று அழைத்தார்கள். இன்று நாம் அதைப் 'பெருந்தொற்று' என்கிறோம். புதிய பெயர் நோய் எப்படிப் பரவுகிறது என்பதைச் சொல்கிறது. பழைய பெயரோ அது நமக்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறது. கொள்ளையன் வந்தால் ஒரு பொருளோடு நின்றுவிடுவதில்லை அல்லவா? இந்நோயும் அப்படித்தான். ஆளைக் கொண்டுபோகும், அதோடு வேலையையும், அரிசியையும், பிள்ளைகளின் படிப்பையும், இறந்தவருக்குச் செய்யும் கடைசிக் கடனையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

நாம் வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் இருமுறை இப்படி நடந்திருக்கிறது. ஒன்று 1918-ஆம் ஆண்டு. மற்றொன்று 2020-ஆம் ஆண்டு. இவ்விரண்டு காலங்களிலும் உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இன்று எண்ணிப் பார்ப்போம்.

அதற்கு முன், கிள்ளான் நகரமே நமக்குக் கற்றுத் தந்த ஒரு பாடத்தை நினைவுபடுத்திக் கொள்வது நல்லது. 1901-ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று நாம் போர்ட் கிள்ளான் என்று சொல்லும் இடம் அதுதான். சுற்றிலும் சதுப்பு நிலம். வேலை செய்ய வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மலேரியாக் காய்ச்சலில் விழுந்தார்கள். புதிய துறைமுகத்தை மூடிவிட நேருமோ என்று அரசாங்கமே கலங்கியது. மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்ற உண்மை வெளிப்பட்டு அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1897-இல் இந்தியாவின் செக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர் செய்த ஆராய்ச்சியே அதற்கு வழி திறந்தது.

கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அந்த அறிவைப் பயன்படுத்தினார். காடு வெட்டப்பட்டது. வாய்க்கால்கள் தோண்டப்பட்டன. தேங்கிய நீர் வடிக்கப்பட்டது. இறந்தவர்களை அவர் ஆண்டுதோறும் கணக்கெடுத்தும் வந்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901-இல் இறந்தவர்கள் 582 பேர். 1902-இல் அது 144 ஆகக் குறைந்தது. 1903-இல் 115. வாய்க்கால் வெட்டியதால் பயன் உண்டு என்று மேலதிகாரிகளை நம்ப வைத்தவை இந்த எண்கள்தாம். எண்ணிப் பார்த்ததே பிறகு திருத்தப்பட்டது. இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 1918-க்குச் செல்வோம்.

அப்போது முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் இருந்தது. போர் வீரர்கள் கப்பல்களில் நாடுவிட்டு நாடு போனார்கள். அவர்களோடு ஒரு விஷக் காய்ச்சலும் பயணம் செய்தது. 'ஸ்பானியக் காய்ச்சல்' என்று அதற்குப் பெயர் வந்தது. ஆனால் அது ஸ்பெயினில் பிறந்தது என்று பொருளில்லை. போரிட்ட நாடுகள் செய்தித்தாள்களைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தன. போரில் சேராத ஸ்பெயின் மட்டும் உண்மையை வெளியிட்டது. உண்மையைச் சொன்னவர் பெயரே நோய்க்கும் ஒட்டிக்கொண்டது!

மலாயாவில் அந்தக் காய்ச்சல் 1918-ஆம் ஆண்டின் நடுவில் ஒருமுறை மெல்லத் தலைகாட்டியது. பிறகு அக்டோபரில் கொடுமையாகத் திரும்பி வந்தது. துறைமுகத்தில் இறங்கிய நோய்க்கு இரயில் பாதை இருந்தது. கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்து 1886-இலேயே இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ரப்பரையும் அரிசியையும் ஆட்களையும் ஏற்றிச் சென்ற அதே வண்டிகளில் காய்ச்சலும் ஏறிச் சென்றது.

சாதாரணக் காய்ச்சல் குழந்தைகளையும் முதியவர்களையும்தான் அதிகம் வாட்டும். இந்தக் காய்ச்சலோ 20 வயது முதல் 40 வயது வரை உள்ளவர்களை அதிகமாகக் கொன்றது. தோட்டங்களில் அந்த வயதினர் யார்? பால்மரம் வெட்டுகிறவர்கள், கைக்குழந்தைக்குத் தாயானவர்கள், வீட்டுக்குச் சோறு போடுகிறவர்கள். லயத்தில் ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுத்தார்கள். ஒருவர் இருமினால் அடுத்தவர் ஒதுங்குவதற்கு இடம் கிடையாது. மலாயாவில் தோட்டத் தமிழர்களை இந்நோய் கடுமையாகத் தாக்கியதில் வியப்பில்லை.

அக்காலத்தில் இதற்கு மருந்து கிடையாது. இக்காய்ச்சலை உண்டாக்கும் நச்சுயிரி மனிதரிடமிருந்து பிரித்தறியப்பட்டதே 1933-இல்தான். பெனிசிலின் மருந்து மக்கள் கைக்கு வந்தது 1940-களில். ஆகவே ஓய்வும், கஞ்சியும், பக்கத்தில் இருந்து கவனிக்கும் ஓர் ஆளுமே மருந்தாக இருந்தன. விடியற்காலைப் பெரட்டில் நின்று பேர் கொடுத்தால்தான் கூலி என்று வாழ்ந்தவர்களுக்கு ஓய்வைப்போல் விலை கூடிய மருந்து வேறு எது? தாயும் தந்தையும் ஒன்றாகப் படுத்துவிட்டால், கூலியும் இல்லை, கஞ்சி காய்ச்சவும் ஆளில்லை.

காய்ச்சல் தணிந்த பின்னும் துன்பம் தீரவில்லை. மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கிக்கொண்டிருந்தது. 1918-இல் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. பர்மா அரிசி இந்தியாவுக்கே தேவைப்பட்டதால் வெளியே போவது கட்டுப்படுத்தப்பட்டது. 1919-இல் சயாமும் ஏற்றுமதியை நிறுத்தியது. அரிசி விலை ஏறியது, பங்கீடு வந்தது. நோயிலிருந்து எழுந்தவன் உடல் தேறச் சோறு கேட்டபோது சோறு எட்டாத விலையில் இருந்தது. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் வயிற்றை நிரப்பின. ஊரிலிருந்தும் நல்ல சேதி வரவில்லை. இந்தியாவில் மட்டும் 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இக்காய்ச்சலில் மாண்டதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். இங்கே பிழைத்தவன் அங்கே இழந்தவரை எண்ணி அழுதான்.

மலாயாவில் இறந்தவர்கள் 30,000-க்கும் மேல் என்பது கணிப்பு. அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 33 இலட்சம். அதாவது சுமார் நூற்றுக்கு ஒருவர்.

நூறு ஆண்டுகள் கழிந்தன. நாடு விடுதலை பெற்றது. 1951-இல் ஊழியர் சேமநிதி ஏற்பட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளில் குடியேறித் தொழிற்சாலையிலும், லோரியிலும், காவல் வேலையிலும், துப்புரவு வேலையிலும் சேர்ந்தார்கள். பெரட்டுக் களம் மறைந்தது. ஆனால் 'வேலைக்குப் போனால்தான் சம்பளம்' என்ற நிலை பலருக்கு மறையவில்லை.

இந்த நிலையில்தான் 2020 வந்தது. ஜனவரி 25-ஆம் நாள் மலேசியாவில் கோவிட் நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மார்ச் 16-ஆம் நாள் பிரதமர் முகிதீன் யாசின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18-ஆம் நாள் நாடு கதவைச் சாத்திக்கொண்டது. நோய் பரவாமல் தடுக்க அது தேவைதான். ஆனால் வீட்டிலிருந்தபடி வேலை செய்வது எல்லாருக்கும் கூடுமா? குப்பை அள்ளுவதையும் லோரி ஓட்டுவதையும் வீட்டிலிருந்து எப்படிச் செய்வது?

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். பூமாலைக் கடைகளும் பலகாரக் கடைகளும் நிறைந்த தெருக்கள் வெறிச்சோடின. அங்கே பார்வையற்ற அன்பர்கள் பலர் உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்து மானத்தோடு வாழ்கிறார்கள். தொடாதே என்பதுதான் அன்றைய சட்டம். தொட்டால்தான் அவர்களுக்குச் சோறு. மாதக் கணக்கில் அவர்களுக்கு வருமானம் இல்லாமற்போனது.

கிள்ளானில், மேரு வட்டாரத்துக் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் 2020 நவம்பரில் நோய் காட்டுத்தீபோல் பரவியது. 28 தொழிற்சாலைகளைக் கட்டம் கட்டமாக மூட அரசு ஆணையிட்டது. அவ்விடுதிகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நெருக்கமாகப் படுத்து, முறைவைத்து வேலைக்குப் போனவர்கள். லயத்தில் வாழ்ந்த நம் முன்னோருக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? 2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. அவ்வாண்டின் நடுவில் உணவின்றித் தவித்த குடும்பங்கள் வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டின. கொடியைக் கண்டவர்கள் இனம் மதம் பாராமல் அரிசியும் முட்டையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த நல்லுள்ளங்களை மறக்கலாகாது.

2020 தீபாவளி கூட்டமின்றிக் கழிந்தது. 2021 ஜனவரித் தைப்பூசத்தில் பத்துமலையில் காவடி இல்லை. கோவிட் நோயால் இறந்தவரின் உடலை வீட்டில் கிடத்தி நீர்மாலை எடுக்கவும் வழியில்லாமற் போயிற்று.

பள்ளிகளும் மூடப்பட்டன. பாடம் கைப்பேசிக்கு வந்தது. கல்வி அமைச்சு ஏறத்தாழ 9 இலட்சம் மாணவர்களைக் கேட்டறிந்தபோது, 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிந்தது. ஒரு கைப்பேசி இருந்த வீட்டிலும் அதை அப்பா வேலைக்குக் கொண்டுபோனார். பிள்ளைகள் மூவரும் இரவுக்குக் காத்திருந்தார்கள். அந்த இரண்டாண்டில் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய வயதில் இருந்த பிள்ளைகள் பின்தங்கியதை ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பறையில் கண்டோம்.

இந்த நோயில் நம் நாட்டில் 37,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மக்கள்தொகையோ 3 கோடியே 20 இலட்சத்துக்கு மேல். ஆகவே ஆயிரத்துக்கு ஒருவர் அளவில் உயிரிழந்தார்கள். 1918-இல் நூற்றுக்கு ஒருவர் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2021 பிப்ரவரி 24-இல் தொடங்கிய தடுப்பூசியும், மருத்துவமனைகளும், அரசு உதவியும் செய்த வேலை இது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 1,600 வெள்ளி உதவித்தொகை கிடைத்தது. சேமநிதியிலிருந்து பணம் எடுக்கவும் அனுமதி தரப்பட்டது. மக்கள் எடுத்த தொகை மொத்தம் 14,500 கோடி வெள்ளி! அன்றைய பசி தீர்ந்தது உண்மை. ஆனால் அது முதுமைக்கென்று வைத்த சோறு. நோய் முடிந்தது என்று சொன்னாலும், பலருடைய வீட்டில் அதன் கணக்கு இன்னும் முடியவில்லை.

வீட்டு நெருக்கடி பற்றியும் ஒரு செய்தி. தொழிலாளருக்குக் குறைந்தபட்ச வீட்டு வசதி தரவேண்டும் என்ற 446-ஆம் சட்டம் 1990-இல் பிறந்தது. தோட்டங்களையும் சுரங்கங்களையும் எண்ணி இயற்றிய சட்டம் அது. 2019-இல் அது திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. விடுதிகளில் நோய் பரவி, எத்தனை பேர் என்று எண்ணிக்கை வெளிவந்த பிறகே அச்சட்டத்தின் அருமை பலருக்குப் புரிந்தது. கிள்ளான் வாய்க்கால்களின் கதையும் இதுதானே!

நேயர்களே, 1918-ஐப் பற்றி நாம் அறிவது பெரும்பாலும் அதிகாரிகளும் மருத்துவர்களும் எழுதிய அறிக்கைகளிலிருந்துதான். அவற்றில் இறந்தவர் தொகை இருக்கிறது. அடுப்பு எரியாத நாட்கள் எத்தனை, பேர் விழாத நாட்கள் எத்தனை, தாயை இழந்த பிள்ளையை எந்த அண்டை வீட்டார் வளர்த்தார்கள் என்பன அவற்றில் இல்லை. நம் முன்னோரில் பலருக்கு எழுதத் தெரியாது. நமக்குத் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். 2020-லும் 2021-லும் எத்தனை நாள் வேலை போயிற்று, சேமநிதியில் எவ்வளவு எடுத்தீர்கள், எந்தப் பிள்ளை எத்தனை மாதம் பாடம் இழந்தது, யார் உதவினார்கள், யாரை இழந்தீர்கள் என்று எழுதுங்கள். பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். தேதி போட மறக்காதீர்கள். அடுத்த நோய் வரும்போது, உழைப்பவர் வீட்டுக்கு என்ன தேவை என்று கேட்பவர்களிடம் காட்ட நம் கையில் நம்முடைய கணக்கு இருக்கவேண்டும்.